கோலமாவுச் சுவர்

என் தங்கை மோகனா மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது எங்கள் லயத்தின் கூரையைக் கழற்றிவிட்டாள்.

காகிதத்தில்தான். ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை 'என் வீடு' வரையச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் முக்கோணக் கூரை, இரண்டு சன்னல், பின்னால் இரண்டு மலை, மலைக்கு நடுவில் சூரியன் என்று வரைந்தார்கள். எங்கள் தோட்டத்தில் மலை கிடையாது. பார்த்த பக்கமெல்லாம் செம்பனைதான். இருந்தாலும் மலை வரைந்தார்கள். மோகனா மட்டும், மேலே பறக்கிற காக்கைக்குத் தெரிவதுபோல, வரிசையாக ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகளான எங்கள் லயத்தைக் கூரை இல்லாமல் வரைந்தாள்.

எந்த வீட்டில் அடுப்பு எங்கே, கட்டில் எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் சரியாக இருந்தது. யார் என்ன செய்கிறார்கள் என்பதும் இருந்தது. அதுதான் வினை. ராக்கம்மாக்கா வீட்டு அடுப்பில் ஒரு கோழி வெந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டில் சூசையம்மாள் குனிந்து தன் கோழியைத் தேடிக்கொண்டிருந்தார். மண்டோர் இராஜமாணிக்கம், செம்பனைக் காட்டில் நின்று ஆட்களை வேலை வாங்க வேண்டிய நேரத்தில், வீட்டில் பாய்மேல் மல்லாந்து கிடந்தார். நேரம் தெரிய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு கடிகாரமும் போட்டிருந்தாள். சுவரில் மாட்டிய கடிகாரம் மேலே பறக்கிற காக்கைக்குத் தெரியாதே என்று நான் கேட்டிருந்தேன். அதற்காகக் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்து வரைந்தாள்.

பெற்றோர் நாளன்று லயமே அந்தப் படத்தின் முன்னால் கூடியது. மண்டோர் நெடுநேரம் பார்த்தார்.

"வீட்டுக்குக் கூர வேணும்னு ஒனக்குத் தெரியாதா?"

"கூர போட்டா நீங்க தூங்குறது தெரியாதே மாமா."

ராக்கம்மாக்காவும் சூசையம்மாளும் அந்த வருடக் கிறிஸ்மஸ் வரை பேசிக்கொள்ளவில்லை. கிறிஸ்மஸ் அன்று ராக்கம்மாக்கா ஒரு கோழியை உயிரோடு கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் சமாதானம்.

கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்ப்பதற்குத்தான் 'பிளான்' என்று பெயர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. கட்டடக் கலையில் முதல் பாடமே அதுதானாம். யாரும் சொல்லித்தராமல் அதை அவள் செய்துவிட்டாள். அக்கா என்பதால் பெருமையடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

பஞ்சாலை என்கிற நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தித் தையலுக்குப் போனேன். பிறகு தோட்டத்துக்கு வெளியே ஒரு தையல் கடை வைத்தேன். மோகனா போலிடெக்னிக் வரை போனாள். இப்போது சிரம்பானில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பிளான் வரைகிறாள். தோட்டத்தில் எல்லாரும் அவளை 'ஆர்க்கிடெக்' என்கிறார்கள். பேச்சில் நான் திருத்துவதில்லை. எழுத்து என்பதால் சரியாகச் சொல்கிறேன்: அவள் ஆர்க்கிடெக் இல்லை. ஆர்க்கிடெக் நினைப்பதை மற்றவர்கள் கட்டும்படி வரைந்து கொடுப்பவள்.

அப்படிப்பட்ட ஒருத்தியோடு பழகுவது சுலபமில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதற்கு முன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பாள். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பெண்ணைப் பார்க்கும்போது இவள் விட்டத்தைப் பார்ப்பாள். ஒருநாள் நான் ரந்தாவ் பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்த் திரும்பி வருவதற்குள் என் தையல் மெஷினை இந்தச் சன்னலிலிருந்து அந்தச் சன்னலுக்கு மாற்றி வைத்திருந்தாள். திட்டித் தீர்த்தேன்.

"வலது கைக்காரிக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வரணும்க்கா. இத்தன வருசமா ஒன் கை நெழலுக்குள்ளயே ஊசி கோத்திருக்க."

திட்டிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே நுழைந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இனி கோலமாவு விவகாரத்துக்கு வருகிறேன்.

கோலா சாவாவுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் பழைய லயங்களை இடித்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு புதிதாகக் கட்டித் தருவது என்று முடிவானது. எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். ஆனால் எந்த மாதிரி என்பதைக் குடியிருப்பவர்களே தேர்ந்தெடுக்கலாம். மோகனாவின் அலுவலகத்திலிருந்து ஏ, பி என்று இரண்டு படங்கள் வந்து கோயில் மண்டபத்துச் சுவரில் ஒட்டப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கை தூக்கினால் முடிந்தது.

பி படத்தில் வாசலில் இரண்டு பெரிய வெள்ளைத் தூண்கள். தூண்களுக்கு நடுவே வளைவு. முன்னால் ஒரு சிவப்புக் கார். ஏ படத்தில் தாழ்ந்து இறங்கிய அகலமான கூரை, நீளமான வராந்தா, நிறைய சன்னல். கார் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது குடியிருப்போர் சங்கத் தலைவராக இருந்த மண்டோர் இராஜமாணிக்கம் இரண்டையும் பார்த்துவிட்டு, "இது வீடு, அது கோழிக் கூண்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் கை தூக்கினால் தோட்டமே தூக்கும்.

"அத வரைஞ்சவன் கஞ்சப் பயலா இருப்பான்," என்று என் கடைக்கு வந்தபோது சொன்னார். "ஒரு தூண் கூட வைக்க மனசு வரல பாரு."

அன்று சாயங்காலம் மோகனா என் கடைக்கு வந்து, பக்கத்துக் கடைக்குக் கேட்காதபடி, "அக்கா, ஏ நான் வரைஞ்சது" என்றாள்.

அதுவரை அவளுக்குக் கொடுத்ததெல்லாம் கடைக்காரர் கழிவறை, கார் நிறுத்தும் கொட்டகை, யாரோ ஒருவருடைய மாடிப்படி. இந்தத் தடவைதான் அவளுடைய முதலாளி, இரண்டு பேரை ஆளுக்கொரு வீடு வரையச் சொல்லியிருந்தார். ஏ ஜெயித்தால் மோகனா நினைத்து வரைந்த ஒரு முழு வீடு, அதுவும் அவள் பிறந்த தோட்டத்திலேயே, முதல் தடவையாக மண்ணில் எழும். பி ஜெயித்தால் மறுபடியும் கழிவறை.

"இதுல என்னா ரகசியம்? நான் போய் மண்டோர்கிட்ட சொல்றேன். நம்ம புள்ள வரைஞ்சதுனா ஒடனே கை தூக்கிருவாரு."

"அதுக்குத்தான் சொல்லக் கூடாது. எனக்காகக் கை தூக்குவாங்க. அப்புறம் காலம் முழுக்க அடுப்படி வேகுதுனு என்னையத் திட்டுவாங்க. வீட்டப் பாத்துத் தூக்கணும். சத்தியம் பண்ணு."

தையல் மெஷின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அந்த வாரம் முழுவதும் யாராவது வந்து வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேன். தையல்காரிக்கு அது ஒரு வசதி.

கூட்டத்துக்கு முன்னால் படங்களை எல்லாருக்கும் விளக்கிச் சொல்லலாமா என்று மோகனா மண்டோரிடம் அனுமதி கேட்டாள். "சொல்லு, சொல்லு. எப்படியும் பிதான்" என்றார்.

ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மண்டபம் நிறைந்திருந்தது. மோகனா இரண்டு பப்பாளிப் பழங்களோடு வந்தாள். ஒன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். உள்ளே நட்சத்திரம்போல் ஒரு குழி, குழி நிறைய விதை.

"இதுதான் பிளான். குறுக்க வெட்டி மேல இருந்து பாக்கறோம். எந்த ரூம்பு எங்க இருக்குனு தெரியும். எவ்வளவு ஒசரம்னு தெரியாது."

இன்னொன்றைக் காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில் பிளந்தாள். அது வேறு பழம்போல், ஒரு தோணிபோல் இருந்தது.

"இது செக்‌ஷன். தலையில இருந்து கால் வரைக்கும் வெட்டியாச்சு. கூர எவ்வளவு சரிவு, வெக்க மேல ஏறி எங்க போய் நிக்கும், எல்லாம் இதுல தெரியும். ஒரு வீட்ட புரிஞ்சுக்க ரெண்டும் வேணும். இந்தச் செவுத்துல ஒட்டியிருக்கிற ரெண்டு படமும் பழத்தோட தோலு. நீங்க தோலப் பாத்துப் பழம் வாங்கப் போறீங்க."

"தோலு நல்லா இருந்தா பழமும் நல்லாத்தான் இருக்கும் லா," என்றார் மண்டோர்.

"ஒங்க மரத்துப் பழத்தச் சொல்றீங்களா மண்டோரே?" என்றார் ராக்கம்மாக்கா. "போன மாசம் கொடுத்தீங்களே, தோலு தங்கம், உள்ள பூசணிக்கா."

சிரிப்பு அடங்கியதும் மோகனா எல்லாரையும் பந்து விளையாடும் திடலுக்கு அழைத்துப் போனாள். காகிதத்தில் ஒரு விரல் அகலம் இருப்பது மண்ணில் ஓர் ஆள் அகலம் என்று சொன்னால் கணக்குப் புரியும், உடம்புக்குப் புரியாது என்பது அவள் கட்சி. ஆகவே ஏ, பி இரண்டையும் முழு அளவில் தரையிலேயே போட்டுவிடுவது. முளையடித்துக் கயிறு கட்டி வைத்திருந்தாள். ரந்தாவிலிருந்து கோலமாவு மூட்டையாக வந்திருந்தது.

கோடு போட்டவர்கள் தோட்டத்துப் பெண்கள். மார்கழியில் புள்ளி பிசகாத கைகள் அவை. கயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு மளமளவென்று சுவர் எழுப்பினார்கள். சுவர் என்றால் இரட்டைக் கோடு, ஏனென்றால் சுவருக்குக் கனம் உண்டு. கதவு என்றால் கோட்டை விட்டுவிடுவது.

"நீங்க மாவு கொட்டுற எடத்துல யாரும் வாழப் போறதில்ல," என்று மோகனா சொல்லிக்கொண்டே நடந்தாள். "கட்டறது செவுரு. பொழங்குறது செவுரு இல்லாத எடம். அந்த வெத்து எடம் எப்படி இருக்குனு பாருங்க."

வெறும் வாசலாக விடக்கூடாது என்று ராக்கம்மாக்கா பி வீட்டு வாசலில் ஒரு தாமரைக் கோலமும் போட்டுவிட்டார். பிறகு ஏ வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அங்கே ஒரு மயில்.

அதன் பிறகு நடந்ததை மோகனாவே எதிர்பார்க்கவில்லை. தரையில் வெள்ளைக் கோடு மட்டும்தான் இருந்தது. ஆனால் பூஜை அறைக் கோட்டுக்கு முன்னால் ஒவ்வொருவராகச் சிலிப்பரைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. படுக்கையறைக்குள் ஒருவர் நின்றால் அடுத்தவர் வெளியே காத்திருந்தார். மண்டோர் நேர்வழியாக ஹாலிலிருந்து அடுப்படிக்குக் கோட்டைத் தாண்டி நடந்தபோது சூசையம்மாள் பதறிவிட்டார்.

"அண்ணே, செவுத்துல நடக்கறீங்க."

மண்டோர் காலைப் பார்த்தார். மாவு ஒட்டியிருந்தது. திரும்பி, சுற்றிக்கொண்டு, கதவு வழியாக வந்தார்.

"இதுதான் ரெண்டாவது பாடம் மாமா," என்றாள் மோகனா. "ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு எப்படிப் போறோம்ங்கறது. வீட்டுல நல்ல ரூம்பு இருந்தா பத்தாது. நடக்கிற வழி நல்லா இருக்கணும்."

அடுத்தது காற்று. காற்றாக ஓட ஓர் ஆள் வேண்டும் என்றாள். ராக்கம்மாக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வந்தார். முதலில் ஏ. வராந்தா வழியாக நுழைந்தார், ஹாலைத் தாண்டினார், நேர் எதிரே பின்கதவு, வெளியே போய்விட்டார். அப்படியே பின்புறத்தில் நின்றவர்களையெல்லாம் ஊதிவிட்டும் வந்தார். பிறகு பி. தாமரையைத் தாண்டி நுழைந்ததும் ஒரு சின்னத் தடுப்பறை. அதில் இடது பக்கம் திரும்பினால் ஹால். ஹாலுக்குப் பின்னால் முழுச் சுவர். ராக்கம்மாக்கா சுவர்முன் நின்றார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு ஹாலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னாக்கா?"

"காத்துக்குப் போக வழி இல்ல. உக்காந்துருச்சு."

"அதெல்லாம் ஏர்கோன் போட்டுக்கலாம்," என்றார் மண்டோர். ஆனால் குரல் முன்போல் இல்லை.

வெயிலையும் காட்டினாள். புது வீடுகள் எந்தத் திசை பார்க்குமோ அதே திசையில்தான் திடலில் கோடு போட்டிருந்தாள். மணி நான்கை நெருங்க, மேற்கு வெயில் இரண்டு வீட்டு ஹாலிலும் அடித்தது. சூசையம்மாளின் மகன் டெரன்ஸும் இன்னொருவரும் ஒரு கித்தானைக் கூரை முனை இருக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஏ வீட்டுக் கூரை நீண்டிருந்ததால் நிழல் ஹாலின் பாதிவரை வந்தது. பி வீட்டு அளவுக்குக் கித்தானைச் சுருக்கியதும் எல்லாரும் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டார்கள்.

"கூரைங்கறது தொப்பி," என்றாள் மோகனா. "விளிம்பு இல்லாத தொப்பிய வெயிலுக்கு யாரு போடுவா?"

மண்டோரிடம் மிச்சமிருந்தது தூண்கள். பி வீட்டு முன்னால் இரண்டு வட்டங்களாக அவை போடப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே போய் நின்றுகொண்டார்.

"எல்லாம் சரி. தூண் இல்லாட்டி வீடு எப்படி நிக்கும்?"

"கோயில் மண்டபத்துத் தூண எடுத்தா கூர தலையில விழுவும் மாமா. அது தாங்குது. இந்த ரெண்டும் எதையும் தாங்கல. கல்யாணத்துல மாப்பிள்ளத் தோழன் நிப்பான் பாருங்க, அந்த மாதிரி. பாக்க லட்சணம். வேல ஒண்ணும் இல்ல."

"மாப்பிள்ளத் தோழன் இல்லாம கல்யாணம் நடக்குமா?"

கூட்டம் மறுபடியும் தூண்களைப் பார்த்தது. வாயில் குண்டூசி இல்லாமல் நான் தவித்தேன்.

அப்போதுதான் ராக்கம்மாக்கா, இன்னும் பி வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"வர்றது இருக்கட்டும். போறப்ப எப்படிப் போறது?"

"எங்க போற?" என்றார் மண்டோர்.

"மேல."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு வீடு என்றால் கடைசிக் காரியமும் அதில்தான். ஹாலில் கிடத்தி, வாசல் வழியாக, தலை இடிக்காமல், சாயாமல் எடுத்துப் போக வேண்டும். "எங்களுக்கும் பெட்டிதான்," என்றார் சூசையம்மாள். "எங்க வீட்டுக்காரர எடுத்தப்ப லயத்து வாசல் எவ்வளவு ஒத்தாசையா இருந்துச்சு." எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் மோகனாவைப் பார்த்தேன். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து எனக்கு அந்தப் பென்சில் தெரியும். இதை அவள் யோசிக்கவே இல்லை. தன் வீட்டில் பெட்டி திரும்புமா திரும்பாதா என்பது அவளுக்கே தெரியாது.

மண்டபத்திலிருந்து நீளப் பெஞ்சைக் கொண்டு வந்தார்கள். படுக்க ஆள் வேண்டும். ஒருவரும் வரவில்லை, அபசகுனம்.

"நான் படுக்கறேன்," என்றார் மண்டோர். "பி வீட்டுல தாராளமாப் போவும். நானே போய்க் காட்டறேன்."

வேட்டியைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் மல்லாந்து படுத்தார். படுப்பதில் அவருக்கு இருந்த பழக்கம் பார்த்ததும் தெரிந்தது. டெரன்ஸோடு சேர்ந்து ஆறு பேர் தூக்கினார்கள். ஹாலிலிருந்து கிளம்பித் தடுப்பறைக்குள் நுழைந்தார்கள். முன்பாதி நுழைந்தது. திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

"டெரன்ஸ், ஒன் முதுகு செவுத்துக்குள்ள போவுது," என்று பெண்கள் கத்தினார்கள். பின்னால் வந்தார்கள். மறுபடி நுழைந்தார்கள். ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள்.

"சாய்க்காதீங்க லா, உழுந்துருவேன்," என்றார் மண்டோர்.

"பொணம் பேசக் கூடாதுண்ணே," என்றார் சூசையம்மாள்.

பேசாமல் முயன்றார்கள். கடைசியில் டெரன்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள், ஒரே வழிதான். நிக்க வச்சுக் கொண்டு போவணும்" என்றான். பெஞ்சை நிமிர்த்தினார்கள். மண்டோர் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நின்ற வாக்கில், தாமரைக் கோலத்தின்மேல் இறங்கினார்.

"செத்த பொறவும் என்னைய நடக்க விடுறீங்களேடா," என்றார்.

அடுத்து ஏ. மறுபடியும் படுத்தார், தூக்கினார்கள். ஹாலுக்கு நேராக வாசல், வாசலுக்கு நேராக வராந்தா, வராந்தாவுக்கு நேராகச் செம்மண் ரோடு. எங்கும் நிற்கவில்லை, திரும்பவில்லை. அவ்வளவு ஒழுங்காக அது போனதுதான் தப்பாகிவிட்டது. கூச்சல் அடங்கியது. பழக்க தோஷத்தில் ஆண்கள் பின்னால் வரிசையாக நடக்க ஆரம்பித்தார்கள். ராக்கம்மாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முகத்தில் வெயில் அடித்ததால் மண்டோர் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ குடை பிடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து லுக்குட்டிலிருந்து மண்டோரின் தங்கை மங்கம்மா, மகள் ரோகினியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார்.

மோட்டார் நிற்பதற்குள் குதித்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நேத்துத்தான போன்ல சண்ட போட்டோம், அதுக்குள்ள என்னைய உட்டுட்டுப் போயிட்டியே. யாருமே எனக்குச் சொல்லலியே. ஒனக்குனு மீன் கொழம்பு வச்சுக் கொண்டாந்தேனே, யாருக்கு ஊத்துவேன்."

"என்னா மீனு?" என்றார் மண்டோர், கண்ணைத் திறக்காமல்.

மங்கம்மா அழுகையை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அதைக் கழற்றியது மூச்சு விடுவதற்கு அல்ல. முதல் அடி தொடையில் விழுந்தது. தூக்கியவர்கள் பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். மண்டோர் எழுந்து ஏ வீட்டுக்குள் ஓடினார். அவசரத்திலும் கதவு வழியாகத்தான் ஓடினார். மங்கம்மா கோபத்தில் சுவர்களையெல்லாம் மிதித்துக்கொண்டு பின்னால் போனார். இரண்டு சுற்று ஓடிய பிறகு பின்கதவு வழியாக வெளியே வந்து மூச்சு வாங்கினார் மண்டோர்.

"இந்த வீட்டுல தப்பிச்சு ஓடக்கூட வழி இருக்கு," என்றார்.

கூட்டம் தொடங்கியபோது மங்கம்மாவுக்கு யாரோ பாலில்லாத வரக்கோப்பி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். மண்டோர் தலைவர் நாற்காலியில் தொடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பி வேணும்ங்கறவங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். யாரும் தூக்கவில்லை. "ஏ?"

மண்டபமே கை தூக்கியது. மங்கம்மாகூடத் தூக்கினார். அவர் லுக்குட்காரர், ஓட்டுக் கிடையாது என்று நினைவூட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. மோகனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

"இருங்க, இன்னும் முடிக்கல," என்றார் மண்டோர். "ஏதான். ஆனா தூண் வேணும். முன்னால ரெண்டு. வெள்ளையா. மோகனா, அத வரைஞ்ச பயகிட்ட சொல்லு. எங்க மண்டோர் சொன்னாரு, பொணம் போற வழிய நல்லா யோசிச்சிருக்க, ஆனா மனுசன் சாஞ்சு நிக்கிற எடத்த யோசிக்கலனு சொல்லு."

கைகள் கீழே இறங்காமல் இன்னும் உயர்ந்தன. எல்லாருக்குமே தூண் வேண்டியிருந்தது.

அவளுடைய முதல் வீடு. அதன் முகத்தில் எதையும் தாங்காத இரண்டு தூண்கள். நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சொல்றேன் மாமா. கொஞ்சம் முரட்டுப் பய. ஆனா கேப்பான்."

மோட்டாரில் என் கடைக்குத் திரும்பி வரும்போது, "பெட்டிய நான் நெனைக்கவே இல்லக்கா" என்றாள். "நம்ம லயத்துல வாசலுக்கு நேரா பின்வாசல் இருந்துச்சு, காத்துக்காக அப்படியே வச்சேன்."

"தூணு?"

"வைக்கணும். ஆனா என் வீட்டுல எதுவும் சும்மா நிக்கக் கூடாது."

வீடுகள் இப்போது கட்டி முடிந்து ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். நான் சன்னல் திரை தைத்துக் கொடுக்க அடிக்கடி போகிறேன். அகலக் கூரை, நீள வராந்தா, நேர்வாசல். முன்னால் இரண்டு வெள்ளைத் தூண்கள். அந்த அகலக் கூரையில் விழுகிற மழை முழுவதும் எங்கே போகிறது என்று பார்த்தால் குழாய் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. குழாயைத் தூணுக்குள் வைத்துவிட்டாள்.

முதல் மழையில் மண்டோர் வழக்கம்போல் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். திடுக்கிட்டு விலகி, மறுபடி காதை வைத்துப் பார்த்துவிட்டு, மோகனாவுக்குப் போன் போட்டார். நான் அப்போது அவர் வீட்டு வராந்தாவில் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

"மோகனா, தூணுக்குள்ள என்னமோ கடகடங்குது."

"அது கூரையத் தாங்குற சத்தம் மாமா. மழையில கூர கனமாயிருச்சுல்ல."

மண்டோருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன்ல? அந்தப் பயகிட்ட சொல்லு, தூண் வச்சதாலதான் வீடு நிக்குது."

"சொல்றேன் மாமா."

இப்போது மழை பெய்தால் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தூணில் காதை வைக்கச் சொல்கிறார். போன வாரம் என்னையும் கூப்பிட்டார். நானும் வைத்தேன். தண்ணீர் நிம்மதியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்படித் தாங்குது பாத்தியா பஞ்சாலை?"

என் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினேன்.